இருபது மணி நேரத்தை எண்ணிக் காக்கும் அலுவலகம்: பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழக மாணவர் வேலைப் பிரிவு

பிரிட்டனில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தவர்கள் விமானம் ஏறுமுன்பே கேட்டுவிடும் கேள்வி, அங்கே பகுதிநேர வேலை கிடைக்குமா என்பது. அந்த வேலையை யார் மூலமாகச் செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. நான் 2024 செப்டம்பரில் மிட்லண்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்து, 2025 செப்டம்பரில் முடித்தேன். அந்த ஓராண்டில் தனியார் ஏஜென்சி ஒன்றின் வழியாகவும், பல்கலைக்கழகமே நடத்தும் மாணவர் வேலைப் பிரிவின் வழியாகவும் வேலை பார்த்திருக்கிறேன். இந்த விமர்சனம் இரண்டாவதைப் பற்றியது. பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்களில் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது; இடத்துக்கு இடம் பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். பல்கலைக்கழகத்தின் துறைகளுக்குத் தேவைப்படும் தற்காலிகப் பணியாளர்களை மாணவர்களிலிருந்தே எடுத்து, ஷிஃப்ட் ஒதுக்கி, மணிக்கணக்கு வைத்து, ஊதியத்தையும் தானே தருகிறது. மாணவரிடம் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் சம்பாதித்துத் தரும் சேவையாகப் பார்த்தால் இது சுமாரானது. விசாவைக் காப்பாற்றித் தரும் சேவையாகப் பார்த்தால் இதற்கு ஈடாக வேறெதையும் நான் காணவில்லை. பத்தாயிரக்கணக்கான பவுண்டு கல்விக் கட்டணம் கட்டி வந்திருக்கும் ஒருவருக்கு இவற்றில் எது பெரிது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

விதியை விளக்காமல் இந்தச் சேவையின் அருமை புரியாது. பட்டப்படிப்பு அல்லது அதற்கு மேற்பட்ட படிப்புக்கு முழுநேர மாணவர் விசாவில் வந்தவர்கள் பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பட்டப்படிப்புக்குக் கீழான படிப்பென்றால் 10 மணி நேரம்தான். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. எத்தனை இடங்களில் வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்த்துத்தான் 20. இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16, சராசரி 20 என்று சமாளிக்க முடியாது. 24 மணி நேரம் வேலை பார்த்த அந்த ஒரு வாரமே விதிமீறல். சுயதொழில் செய்யவே கூடாது. கைப்பேசிச் செயலி வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் ஓட்டுநர்கள் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர்களாகவே பதிவாகிறார்கள் என்பதால், அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுத்து மிதிவண்டியில் சுற்றும் மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு தவறுகளைச் செய்கிறார். நம் பிள்ளைகள் பலர் இதைத் தெரியாமல் செய்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இனி பதிவு. இதுதான் இந்தச் சேவையின் முதல் குறை, பெரிய குறையும்கூட. அக்டோபர் முதல் வாரத்தில் இணையத்தில் விண்ணப்பித்தேன். கடவுச்சீட்டு, விசா நிலைக்கான சான்று, வங்கிக் கணக்கு விவரம், படிப்பின் பாடக்காலத் தேதிகள் ஆகியவற்றைத் தந்த பிறகு, பாதுகாப்பு, தரவுப் பாதுகாப்பு, சமத்துவம் குறித்த மூன்று இணையவழிப் பயிற்சிகளை முடிக்க வேண்டியிருந்தது. அதன்பின் நேரில் ஒருமுறை அழைத்து ஆவணங்களைச் சரிபார்த்தார்கள். ஒப்புதல் வருவதற்கு அக்டோபர் முடிந்துவிட்டது. அதற்குள் வரவேற்பு வாரம், வருங்கால மாணவர்கள் வளாகத்தைப் பார்க்க வரும் முதல் ஓபன் டே போன்ற, ஆள் அதிகம் தேவைப்படும் நிகழ்ச்சிகள் எல்லாம் கடந்துபோயின. புது ஊர், புது வாடகை, கொண்டுவந்த பணம் கரைந்துகொண்டிருக்கும் வேளை. அந்த மூன்றரை வாரத்தில்தான் மாணவர்கள் முதலில் கண்ணில் படும் ஏஜென்சியில் போய்ச் சேர்கிறார்கள். நானும் சேர்ந்தேன்.

அந்த ஏஜென்சி ஒரு கிடங்குக்கு ஆள் அனுப்பும் நிறுவனம். காலையில் போய்ப் பதிவு செய்தால் மாலையில் ஷிஃப்ட் குறித்த குறுஞ்செய்தி வந்துவிடும்; ஊதியம் வாராவாரம் வெள்ளிக்கிழமை கணக்கில் ஏறிவிடும். இந்த இரண்டையும் நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கையில் காசில்லாத மாணவருக்கு வெள்ளிக்கிழமை ஊதியம் என்பது மிகப் பெரிய ஆறுதல். ஆனால் முதல் ஊதியத்திலேயே பாதுகாப்புக் காலணிக்கு என்று 25 பவுண்டு பிடித்துக்கொண்டார்கள். வேலைக்கு அவசியமான பாதுகாப்புப் பொருட்களை இலவசமாகத் தர வேண்டும் என்ற கடமை 2022 ஏப்ரலிலிருந்து இத்தகைய தற்காலிகப் பணியாளர்களுக்கும் பொருந்தும் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். கேட்டிருந்தால் திருப்பித் தந்திருப்பார்களோ என்னவோ, கேட்க வேண்டும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

காலணி சிறிய விஷயம். நவம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், வெள்ளி, சனி ஆகிய இரண்டு இரவு ஷிஃப்டுகளை ஏற்றிருந்தேன்; ஒவ்வொன்றும் ஏழரை மணி நேரம், மொத்தம் 15. அந்தப் புதன்கிழமை ஒருங்கிணைப்பாளர் அழைத்து, வியாழன் இரவும் வர முடியுமா என்று கேட்டார். இருபத்திரண்டரை மணி நேரம் ஆகிவிடும், விசா அனுமதிக்காது என்றேன். அவர் கொஞ்சமும் தயங்காமல், கூடுதலாக வரும் இரண்டரை மணி நேரத்தை அடுத்த வாரக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். நான் மறுத்துவிட்டேன். அதன்பின் இரண்டு வாரங்களுக்கு எனக்குக் குறுஞ்செய்தியே வரவில்லை. அது தண்டனையா, வேலை குறைவா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அழைப்பில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. கணக்கை மாற்றி எழுதிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவார்; அது வெளிப்படும் நாளில் விசாவை இழந்து ஊர் திரும்ப வேண்டியவர் மாணவர். ஊதியம் தரும் ஒவ்வொரு முறையும் முதலாளி வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். அந்தத் தரவு உள்துறை அமைச்சகத்துக்கு எட்டாத ஒன்று அல்ல.

இந்த இடத்தில்தான் பல்கலைக்கழகத்தின் வேலைப் பிரிவு முற்றிலும் வேறுபடுகிறது. அதன் இணையதளத்தில் நுழைந்ததும் பெயருக்குக் கீழே ஒரு பட்டை தெரியும்: இந்த வாரம் அனுமதிக்கப்பட்ட மணி நேரம் 20, ஏற்றுக்கொண்டது 13.5, மீதம் 6.5. ஏழு மணி நேர ஷிஃப்ட் ஒன்றை அப்போது அழுத்தினால், ஏற்றுக்கொள்ளும் பொத்தான் சாம்பல் நிறத்திலேயே நின்றுவிடும். கெஞ்சினாலும் மாறாது, மேலாளர் சொன்னாலும் மாறாது. தேர்வுக்காலத்தில் நூலகம் இரவு முழுவதும் திறந்திருக்கும்போது, ஞாயிறு இரவு 10 மணிக்குத் தொடங்கித் திங்கள் அதிகாலை 2 மணிக்கு முடியும் ஷிஃப்ட் ஒன்றை நான் எடுத்தேன். அதை அந்த மென்பொருள் நள்ளிரவில் இரண்டாகப் பிரித்து, 2 மணி நேரத்தை ஒரு வாரத்திலும் 2 மணி நேரத்தை மறு வாரத்திலும் சேர்த்துக் காட்டியது. இவ்வளவு நுணுக்கமாக நானே ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்திருந்தாலும் எங்காவது பிசகியிருப்பேன்.

வெளியிலும் வேலை பார்த்தால் அதையும் அங்கே பதிந்துவிட வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. ஏஜென்சியில் இருந்த வரை ஒவ்வொரு வாரமும் அந்த மணி நேரத்தை நான் எழுதினேன். அதைக் கழித்துவிட்டு மீதி நேரத்துக்குத்தான் ஷிஃப்ட் காட்டினார்கள். என் வகுப்பில் இருந்த ஒருவர் அறக்கொடைக் கடை ஒன்றில் ஊதியமில்லாமல் வாரம் 4 மணி நேரம் நின்றார். ஊதியம் இல்லாததால் அது கணக்கில் வராது என்றே அவர் நினைத்திருந்தார். வேலைப் பிரிவில் இருந்த பெண் அலுவலர், குறித்த நேரத்துக்கு வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருக்கிறதா, ஒப்பந்தம் எதிலாவது கையெழுத்திட்டீர்களா என்று பொறுமையாகக் கேட்டார். கட்டாயமும் ஒப்பந்தமும் உள்ள ஊதியமில்லா வேலை 20 மணி நேரத்துக்குள் அடங்கும். மனமுவந்து வந்து போகும் தொண்டு அடங்காது. அந்த நண்பருடையது முதல் வகை. அன்றே 4 மணி நேரத்தைக் கழித்துக்கொண்டார்கள். இந்த வேறுபாட்டை எந்த ஏஜென்சியும் யாருக்கும் விளக்கி நான் பார்த்ததில்லை.

அதே நவம்பரில் வந்த இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். அப்போது எங்களிடம் இருந்த குடியிருப்பு அனுமதி அட்டைகளில் முடிவுத் தேதி 2024 டிசம்பர் 31 என்று அச்சாகியிருந்தது. அட்டைமுறையை நிறுத்திவிட்டு, இணையத்தில் மட்டும் இருக்கும் இ-விசாவுக்கு அரசு மாறிக்கொண்டிருந்ததுதான் காரணம். விசாவின் உண்மையான முடிவுத் தேதி அதற்கு வெகு நாட்கள் தள்ளி இருந்தது. ஏஜென்சியில் அட்டையைப் பார்த்துவிட்டு, ஜனவரியிலிருந்து உங்களுக்கு வேலை தர முடியாது என்றார்கள். வேலைப் பிரிவிலோ, மாணவர்கள் அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, ஒரு பிற்பகல் முழுவதும் கணினி அறையைத் திறந்து வைத்து, இ-விசா கணக்கு தொடங்குவதற்கும், வேலை செய்யும் உரிமையை முதலாளிக்குக் காட்டும், W என்ற எழுத்தில் தொடங்கும் ஒன்பது எழுத்து ஷேர் கோடை எடுப்பதற்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் குறியீடு 90 நாட்களுக்குச் செல்லும் என்பதையும், பிறந்த தேதியுடன் சேர்த்துத்தான் முதலாளி அதைச் சரிபார்ப்பார் என்பதையும் அங்கேதான் கற்றேன். அவர்களுக்கும் இதில் அக்கறை இருக்கக் காரணம் உண்டு: வேலை செய்ய அனுமதி இல்லாதவரைப் பணியில் வைத்தால் முதல் முறையிலேயே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் விதிக்க 2024 பிப்ரவரியிலிருந்து சட்டம் இடம் தருகிறது. அதோடு பல்கலைக்கழகம் முதலாளி மட்டுமல்ல, மாணவரின் விசாவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனமும் அதுவே. மாணவரின் நலனும் அலுவலகத்தின் நலனும் ஒரே திசையில் இருக்கும் இடம் இது என்பதால்தான் நான் இதை இவ்வளவு நம்புகிறேன்.

வேலைகளின் தன்மை பலவிதம். ஓபன் டே நாட்களில் வருங்கால மாணவர்களையும் அவர்கள் பெற்றோரையும் வளாகம் சுற்றிக் காட்டுவது, நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவது, தேர்வறைக் கண்காணிப்பு, பட்டமளிப்பு விழாவில் அங்கிகளைச் சரிசெய்து வரிசைப்படுத்துவது, பழைய மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்பது, மாற்றுத்திறன் மாணவர்களுக்காக விரிவுரைக் குறிப்பெடுப்பது. இவற்றில் கடைசி வேலைக்கு ஊதியம் கொஞ்சம் கூடுதல். மற்றவை குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது தேர்வறை வேலை. விளையாட்டரங்கின் தரையில் விரிப்பு போட்டு, முன்னூறு மேசைகளைப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு மேசையிலும் விடைத்தாளும் இருக்கை எண் அட்டையும் வைத்துக்கொண்டே போக வேண்டும். தேர்வு தொடங்கியதும் இரண்டு மணி நேரம் சத்தம் வராத காலணியோடு நடப்பது, கை உயர்ந்தால் கூடுதல் தாள் கொண்டுபோவது, ஒருவரைக் கழிவறை வரை அழைத்துச் சென்று திரும்புவது. முதல் நாள் என்னோடு நின்ற மூத்த கண்காணிப்பாளர், பென்ஷன் வாங்கும் வயதுப் பெண்மணி, தாள்களைத் திரும்ப எடுக்கும்போது இருக்கை வரிசைப்படியே எடுக்க வேண்டும், ஒன்று இடம் மாறினால் முன்னூறையும் மறுபடி எண்ண வேண்டிவரும் என்று சொல்லி, தன் கட்டைவிரலைத் தாளின் மூலையில் வைத்து எண்ணும் முறையைக் காட்டினார். அந்த வேலையில் ஆங்கிலம் பேசிப் பழகியதைவிட, இந்த நாட்டில் ஒரு அலுவலகம் எப்படி இயங்குகிறது என்பதை அதிகம் கற்றேன்.

ஊதியக் கணக்குக்கு வருகிறேன். நான் சேர்ந்தபோது 21 வயது நிறைந்தவர்களின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுண்டு, 2025 ஏப்ரலில் அது 12.21 ஆனது. ஏப்ரல் முதல் நாளிலிருந்தே புதிய வீதத்தில் கணக்கிட்டுத் தந்தார்கள், யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. நேரம் நிலையாக இல்லாத பணியாளர்களுக்கு விடுப்பு ஊதியமாக 12.07 விழுக்காடு உண்டு; அதைச் சம்பளச் சீட்டில் தனி வரியில் காட்டினார்கள். ஏஜென்சியின் சீட்டில் விடுப்பு ஊதியம் உள்ளடங்கியதா, சேர்ந்துகொண்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மின்னஞ்சல்கள் தேவைப்பட்டன.

ஆனால் பணம் கைக்கு வரும் வேகம் ஆமைவேகம். மாதம் 5ஆம் தேதிக்குள் மேலாளர் ஒப்புதல் தந்த டைம்ஷீட்டுகளுக்கு மட்டுமே அந்த மாத இறுதியில் ஊதியம். நவம்பர் 12ஆம் தேதி என் முதல் ஷிஃப்ட். அதற்கான பணம் டிசம்பர் ஊதிய நாளில்தான் வந்தது. 42 மணி நேரத்துக்கு 480.48 பவுண்டும், விடுப்பு ஊதியம் 57.99 பவுண்டும் சேர்ந்து 538.47 என்று இருந்த சீட்டில், வருமான வரி என்று 107.60 பவுண்டு பிடித்திருந்தார்கள். பதறிப்போய் அலுவலகத்துக்கு ஓடினேன். தவறு அவர்களுடையதல்ல. புதிதாகச் சேர்பவர் நிரப்பும் படிவத்தில், எனக்கு வேறொரு வேலையும் இருக்கிறது என்று நான் குறித்திருந்தேன்; அப்போது அது உண்மையும்கூட. அதனால் ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை உள்ள வரியில்லா வரம்பு முழுவதும் முதல் வேலைக்குப் போய்விட, இரண்டாவது வேலையில் முதல் பவுண்டிலிருந்தே 20 விழுக்காடு வரி. ஏஜென்சியிலிருந்து விலகியதற்கான பி45 படிவத்தை வாங்கி வரச் சொன்னார்கள். வரிக் குறியீடு 1257எல் என்று மாறியதும் பிடித்தது முழுவதும் ஜனவரி ஊதியத்தோடு திரும்பி வந்தது. எல்லாம் முறைப்படி நடந்தது என்றாலும், பதிவின்போதே இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால், டிசம்பரில் அந்த நூற்றுச் சொச்சம் பவுண்டு இல்லாமல் நான் தவித்திருக்க வேண்டியதில்லை.

வருமான வரி ஆண்டுக் கணக்கு, அதிகம் பிடித்தால் திரும்ப வரும். ஊதியத்திலிருந்து பிடிக்கும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவான தேசியக் காப்பீடு அப்படியல்ல. அந்தந்த ஊதியக் காலத்தோடு அது முடிந்துவிடும். மாத ஊதியம் 1,048 பவுண்டைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 8 விழுக்காடு போகும். நான்கு வாரமும் முழுதாக 20 மணி நேரம் கிடைத்த ஒரே மாதத்தில் என் ஊதியம் விடுப்புத் தொகையோடு 1,094.70 பவுண்டு; அதில் தேசியக் காப்பீடு 3.74 பவுண்டு. சிறு தொகைதான்.

ஒரே மாதம் என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். இதுதான் இரண்டாவது பெரிய குறை. 20 மணி நேரம் என்பது மேல்வரம்பு. அவ்வளவு வேலை தருவதாக வேலைப் பிரிவு யாருக்கும் உறுதி அளிப்பதில்லை. ஒப்பந்தமே அப்படித்தான், தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கும் இல்லை, ஏற்க வேண்டிய கட்டாயம் நமக்கும் இல்லை. ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் எனக்குக் கிடைத்தது வாரத்துக்கு 9 அல்லது 10 மணி நேரம். நல்ல ஷிஃப்டுகள் வெளியாகி நான்கைந்து நிமிடங்களில் தீர்ந்துவிடும். விரிவுரையில் கைப்பேசியை அணைத்து வைப்பவர்களுக்கு எஞ்சியதுதான் கிடைக்கும். நேர்மையாகப் படிப்பவரைத் தண்டிக்கும் இந்த முறையை மாற்றி, ஷிஃப்டுகளை ஒரு குறித்த மாலை நேரத்தில் வெளியிடலாம் என்று கருத்துப் படிவத்தில் இரண்டு முறை எழுதினேன்.

இதைவிடக் கொடுமையான முரண் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருக்கிறது. பாடக்காலம் அல்லாத அந்த வாரங்களில் மாணவர் முழுநேரமும் வேலை செய்யலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அப்போதுதான் பல்கலைக்கழகம் பூட்டிக் கிடக்கும். நூலகத்தில் ஆள் வேண்டாம், விழா இல்லை, தேர்வு இல்லை. அந்த மூன்று வாரமும் வேலைப் பிரிவின் பக்கத்தில் ஒரு ஷிஃப்ட்கூட இல்லை. கடைகளும் கிடங்குகளும் ஆள் தேடி அலையும் காலம் அது என்பதால், விடுமுறைக்கு மட்டும் வெளியில் வேலை தேடிக்கொள்வதே சரி. பாடக்காலத் தேதிகளை உறுதிசெய்யும் கடிதத்தை வேலைப் பிரிவிலேயே வாங்கி முதலாளியிடம் கொடுத்துவிட்டால், முழுநேர வேலைக்கு அவர்களும் தயங்க மாட்டார்கள்.

கோடைக்காலத்தை நான் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் முதுநிலை மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் அதுதான். ஜூனில் இளநிலை மாணவர்களுக்கு விடுமுறை தொடங்கியதும் வளாகமே காலியாகிறது. நமக்கும் வகுப்புகள் இல்லை. அதனால் நமக்கும் விடுமுறை என்று நினைத்து முழுநேர வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஓராண்டு முதுநிலைப் படிப்பில் ஆய்வேடு எழுதும் அந்தக் கோடை மாதங்களும் பாடக்காலம்தான். படிப்பின் அதிகாரபூர்வ முடிவுத் தேதி வரை 20 மணி நேர வரம்பு நீடிக்கிறது. ஆய்வேட்டை முன்கூட்டியே சமர்ப்பித்துவிட்டாலும் தானாக வரம்பு விலகிவிடாது.

2025 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் முடிவுகள் வெளியான நாள். எதிர்பார்த்த மதிப்பெண் வராதவர்களும், மனம் மாறியவர்களும், காலியிடம் தேடிப் பல்கலைக்கழகங்களை அழைக்கும் நாள் அது. எங்கள் விரிவுரை அரங்கு ஒன்றை அழைப்பு மையமாக மாற்றி, காலை 8 மணிக்கு நாற்பது பேரை உட்கார வைத்தார்கள். தலையணி ஒலிவாங்கியை மாட்டி முடிப்பதற்குள் முதல் அழைப்பு வந்துவிட்டது; மறுமுனையில் ஒரு பெண் அழுகையை அடக்கிக்கொண்டு தன் மதிப்பெண்களைச் சொன்னாள். அவளுக்கு உயிரியலில் இடம் கிடைத்தது என்று பிற்பகலில் அறிந்தபோது உண்டான மகிழ்ச்சியை எந்தக் கிடங்கிலும் நான் அடைந்ததில்லை. திங்கள் பயிற்சி 3 மணி நேரம், வியாழன் 8, வெள்ளி 7, ஆக 18 ஆகிவிட்டது. சனிக்கிழமை 6 மணி நேர ஷிஃப்டுக்கு ஆள் போதவில்லை என்று மேலாளரே என்னிடம் வந்து கேட்டார். மென்பொருளைத் திறந்து காட்டினேன்: மீதம் 2. அவர் வேலைப் பிரிவை அழைத்துப் பேசினார். இவர் முதுநிலை மாணவர், இவருக்கு இது பாடக்காலம், இரண்டு மணி நேரம் மட்டும் வரலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. சனிக்கிழமை 10 மணியிலிருந்து 12 மணி வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த இளநிலை மாணவி, அவளும் வெளிநாட்டு மாணவிதான், மாலை வரை இருந்தாள். அவளுக்கு அது விடுமுறை, எனக்கு அல்ல. இருவர் பெயருக்கு நேராகவும் சரியான எண் இருந்தது.

வாழ்க்கைச் செலவை இந்த வேலையை நம்பித் திட்டமிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. விசாவுக்காகக் காட்ட வேண்டியிருந்த வாழ்க்கைச் செலவுத் தொகை, லண்டனுக்கு வெளியே, 2025 ஜனவரியிலிருந்து நான் படித்து முடித்தது வரை மாதத்துக்கு 1,136 பவுண்டு, லண்டனில் 1,483. 12.21 வீதத்தில் நான்கு வாரத்துக்கு முழு 20 மணி நேரம் வேலை பார்த்தாலும் அடிப்படை ஊதியம் 976.80 பவுண்டுதான். அரசே குறைந்தபட்சம் என்று வைத்திருந்த தொகையை முழு வரம்பும் எட்டவில்லை. வேலைப் பிரிவு தரும் 10 மணி நேரம் அதில் பாதியைக்கூடத் தொடாது. என் விஷயத்தில் அது உணவு, பேருந்து, கைப்பேசிச் செலவுகளைத் தாங்கியது. வாடகையைத் தாங்கவில்லை. வாடகைக்கும் சேர்த்து இங்கே சம்பாதித்துக்கொள்ளலாம் என்று யாராவது தரகர் சொன்னால் நம்ப வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

சின்னக் குறைகள் இன்னும் சில. மாலை 5 மணிக்கு மேல் அலுவலகத்தில் யாரும் தொலைபேசி எடுப்பதில்லை. வேலைகளில் பாதி மாலையில்தான் நடக்கின்றன. படித்த துறை சார்ந்த அனுபவம் இங்கே அநேகமாகக் கிடைக்காது, பேராசிரியர் யாராவது ஆய்வு உதவிக்கு ஆள் கேட்டால் தவிர. ஷிஃப்டை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் எச்சரிக்கை வரும். துறைகள் அதே போல் ரத்து செய்தால் நமக்கு ஒரு மன்னிப்பு மின்னஞ்சல் மட்டும்.

எனக்கு ஐந்துக்கு நான்கு என்று மதிப்பெண் தரத் தோன்றுகிறது. மணிக்கணக்கும் விதி விளக்கமும் ஐந்துக்கு ஐந்து, வேலையின் அளவு இரண்டரை, ஊதியம் வரும் வேகம் இரண்டு என்று இருக்கும்போது நான்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். முதலாவது தவறினால் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை, அதனால்தான்.

செப்டம்பரில் வருபவர்கள் வரவேற்பு வாரத்தின் முதல் நாளே பதிவு செய்துவிடுங்கள். இ-விசா கணக்கை ஊரிலிருக்கும்போதே திறந்து, ஷேர் கோடு எடுக்கத் தெரிந்துகொள்ளுங்கள். தேசியக் காப்பீட்டு எண் வந்தால்தான் வேலையில் சேர முடியும் என்று காத்திருக்க வேண்டாம். விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம், எண் வந்ததும் கொடுத்தால் போதும். மூன்று இணையவழிப் பயிற்சிகளையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம். நான் அவற்றை ஒன்பது நாட்களாக இழுத்தடித்தேன். அக்டோபர் மாத ஓபன் டே ஷிஃப்டுகள் அந்த ஒன்பதாவது நாளில்தான் முடிந்துபோயின.